தன்பால் காதல் கதைகள் எழுதுகிறவர்களுக்கு: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

பவர்டேபிள்:
நானே ஆரம்பிக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் நடக்கிற கதை, ஒரு கட்டிங் மாஸ்டரும் ஒரு டெய்லரும். யாரிடமும் காட்டாமல் வைத்திருந்ததை, அந்த வாழ்க்கையையே வாழ்கிற ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். பேக்கரி வாசலில் நின்றபடியே, டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல், கடைசித் தாள் வரை படித்தார். நன்றாக இருக்கிறது என்பார், இல்லை என்பார், அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. அவர் தாள்களை மடித்து என் கையில் வைத்துவிட்டு, "ஏந்தம்பி, இவனுக ரெண்டு பேரும் ஒரு நேரங்கூட ஒண்ணா உக்காந்து சோறு திங்க மாட்டானுகளா?" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதையில் பயம் இருந்தது, ஊர்ப் பேச்சு இருந்தது, பெண் பார்க்கப் போகிற காட்சி இருந்தது, கடைசியில் ஒருவன் ரயில் பாதைப் பக்கம் நடந்து போவான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ராத்திரி ரெண்டு பேரும் பரோட்டாக் கடைக்குப் போயிருப்பார்கள் இல்லையா, யார் தட்டிலிருந்து யார் எடுத்துத் தின்றார், காசு யார் கொடுத்தார், அது ஒரு வரி கிடையாது. அன்றிலிருந்து எந்தக் கதையானாலும் முதலில் அவர்கள் சாப்பிடுகிற இடத்தை எழுதிவிடுகிறேன். கதைக்குள் வரலாம், வராமலும் போகலாம். சால்னாவில் காரம் போதவில்லை என்று தினமும் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற ஒருவனை ரயில் பாதைக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை, முடிவே வேறாகிவிட்டது. அண்ணன் அதற்கப்புறம் அந்தக் கதையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிடித்ததா, மனசு நொந்ததா, இன்றுவரை தெரியாது.

கரிசல்காரி:
கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா, அவரோடு ஒரே வீட்டில் ரொம்ப வருஷமாக இருக்கிற இன்னொரு அம்மா. ஊரில் "டீச்சரும் டீச்சர் கூட இருக்கவுகளும்" என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, பத்திரிகையும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் வைப்பார்கள். போட்டோகிராபர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிடுகிறார், சித்தப்பா வீடு வாங்க, அத்தை வீடு வாங்க, மாப்பிள்ளை ஆபீஸ்காரங்க வாங்க. இவர்கள் ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்காருகிறார்கள். கடைசியில் பந்தி பரிமாறியவர்களும் சமையல்காரர்களும் போட்டோவுக்கு வந்தபோது அவர்களோடு சேர்ந்து மேடையேறினார்கள். டீச்சர் பெண்ணுக்குப் பக்கத்தில், அந்த அம்மா ஓரத்தில், பாதி உடம்பு படத்துக்கு வெளியே. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையைப் பின்னால் நீட்டி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். போட்டோ எடுத்தாயிற்று, இறங்கிவிட்டார்கள்.

அதை எழுதினேன். டீச்சரை நர்ஸ் ஆக்கினேன், ஊரை மாற்றினேன், கல்யாணத்தைக் காதுகுத்து ஆக்கினேன். முந்தானையை மட்டும் மாற்ற முடியவில்லை, அதை எடுத்தால் கதை இல்லை. பேச்சுதான் ரொம்பப் படுத்தியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற ரெண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள்? நாலு பேர் முன்னால் "டீச்சர், வாங்க போவோம்", கதவைச் சாத்தியதும் "ஏட்டி, வெந்நி வச்சாச்சா" என்று எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த வீடு எனக்குள் உயிரோடு வந்தது. ஆனால் அவர்கள் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது. நானாக எழுதியது. பத்திரிகைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதில் நிற்கிறேன்.

நூலகத்து மூலை:
பவர்டேபிள், உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தன்பால் உறவு குற்றமில்லை என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்ததை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி எடுத்துக்கொண்டதே, அந்த வாரத்தில் நான் எழுதிய கதை சாவில்தான் முடிகிறது. தொகுப்பு வந்து, ஒரு கூட்டத்தில், கையெழுத்து வாங்க வந்த ஒரு பையன் அந்தக் கதையின் கடைசித் தாளை என் கண்ணெதிரே நிதானமாகக் கிழித்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று மேஜையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். மறக்க முடியாது. அதற்காக அந்த முடிவு பொய்யாகிவிடாது. சந்தோஷமாகத்தான் முடிக்க வேண்டும் என்று நம்மை நாமே கட்டாயப்படுத்துவதும் ஒரு தணிக்கைதான்.

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-இல் இங்கிலாந்தின் மில்தோர்ப் கிராமத்தில் எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டர் வீட்டுக்குப் போகிறார். அங்கே கார்பென்டரோடு வாழ்ந்த ஜார்ஜ் மெரில் இவர் பின்புறத்தில் லேசாகத் தொட்டார், அந்த ஒரு தொடுகையில் 'மாரிஸ்' நாவல் முழுசாக மனசில் விழுந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ரெண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடிப்பேன் என்பதில் உறுதியாக இருந்தார், 1914-இல் முடித்தும் விட்டார். அப்புறம்? தூக்குக் கயிற்றில் முடித்திருந்தால் அச்சேற்றியிருக்கலாம், சந்தோஷமாக முடித்ததால்தான் முடியவில்லை என்று அவரே சொன்னார். 1967-இல் ஆண்களின் தன்பால் உறவு குற்றமில்லை என்று இங்கிலாந்தில் சட்டம் மாறியும் வெளியிடவில்லை. 1970-இல் இறந்தார், 1971-இல்தான் புத்தகம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கு அது தேவையோ அவர்கள் கைக்குப் போகவில்லை.

அதே நாவலில் நாம் கற்க வேண்டிய இன்னொன்று உண்டு. முதலில் ஒரு பின்னுரை அத்தியாயம் வைத்திருந்தார்: சில வருஷம் கழித்து மாரிஸின் தங்கை காட்டில் ரெண்டு மரவெட்டிகளைப் பார்க்கிறாள். நண்பர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார். கதை நடப்பது 1912 வாக்கில், "சில வருஷம் கழித்து" என்றால் முதல் உலகப் போர் மாற்றிவிட்ட இங்கிலாந்தில் போய் விழுகிறது, ஒட்டவில்லை. அதனால் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன் வருஷத்தை முடிவு செய்யுங்கள். 2012-இல் பார்க்கில் உட்கார்ந்திருக்கும் ரெண்டு பேருக்குப் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் வயிறு கலங்குவது ஒரு மாதிரி, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தன்பால் உறவு குற்றமில்லை என்று சொன்ன பிறகு வேறு மாதிரி. 2023 அக்டோபரில் தன்பால் ஜோடிகளுக்குத் திருமண உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்த பிறகு ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பதெல்லாம் கதைக்குள் வந்தாக வேண்டும். கரிசல்காரி, நீங்கள் நேரே போய் டீச்சரிடமே படித்துக் காட்டுங்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு பெண் ஜோடியின் வழக்கில் உத்தரவு எழுதும் முன் தானே உளவியல் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே கேட்கும்போது எழுத்தாளருக்கு என்ன தயக்கம்?

மஞ்சள் பை:
தயக்கம் வேண்டும் ஐயா. நான் திருநங்கை. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் தேர் பந்தலடிக்கு வந்து தாலி அறுக்கிற நேரம், வளையல் உடைந்து கையெல்லாம் கீறல், நான் தலைவிரித்து அழுதுகொண்டிருக்கிறேன். ஒருவர் குனிந்து, பேனாவைத் திறந்து, "இப்ப உங்க மனசுல என்ன ஓடுது மேடம்?" என்றார். அவர் முகம் எனக்கு நினைவில்லை, பேனா மூடியைப் பல்லில் கடித்திருந்தது நினைவிருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பாடு அவர் கதை ஒரு இதழில் வந்தது. அதில் நான் ஒன்றரைப் பக்கம் பேசுகிறேன்! நான் பேசவே பேசாத செந்தமிழில், என் பிறப்பைச் சபித்துக்கொண்டு.

அந்த நீதிபதி தனக்கு என்ன தெரியவில்லையோ அதற்கு உரியவரிடம் போய் உட்கார்ந்தார். டீச்சரம்மாவிடம் போய் "நீங்க ரெண்டு பேரும் காதலர்களா, நான் கதை எழுதியிருக்கேன்" என்று நிற்பதும் இதுவும் ஒன்றா? அந்த வயதில் அவர்கள் எழுப்பி வைத்திருக்கிற அமைதியை ஒரு கேள்வியில் உடைத்துவிடாதீர்கள் கரிசல்காரி. கதையை வைத்திருங்கள், கெட்டுப்போகாது.

ஃபார்ஸ்டர் விஷயத்திலும் நீங்கள் சொல்வது எனக்கு ஏற்கவில்லை. அந்த நாவலைப் பூட்டி வைத்தது சட்டமும் பயமும், சந்தோஷ முடிவு அல்ல. கையெழுத்துப் பிரதியாகவே நண்பர்கள் கைக்குக் கை போய்ப் படித்தார்கள். எனக்கு அப்படி ஒரு கைப்பிடி 2007-இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'. எங்களில் ஒருத்தி தன் வாயாலேயே சொன்னதைப் படித்தபோதுதான் நானும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என் கதையில் கூவாகம் வராது. என் ஆள் கரண்ட் பில் கட்டுகிற வரிசையில் நிற்கிறாள், எந்த வரிசையில் நிற்பது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளுக்கு அன்று சில்லறை கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அதை எழுதும்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே!

கரிசல்காரி:
சரி அக்கா. அனுப்பப் போவதில்லை. டீச்சர் காலத்துக்குப் பிறகு யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கூட இருக்கிற அம்மா அப்போது தனியாக இருப்பார். "ஏட்டி"யை மட்டும் வேறு ரெண்டு பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற சின்னப் பெண்கள், முழுக்க என் கற்பனையில் வந்தவர்கள்.

பவர்டேபிள்:
நூலகத்து மூலை, முடிவைப் பற்றி நாம் அப்புறம் சண்டை போடலாம். அந்தப் பையன் கிழித்துக் கொடுத்த தாளை என்ன செய்தீர்கள்?

நூலகத்து மூலை:
வைத்திருக்கிறேன். முடிவை மாற்ற மாட்டேன், அந்த டிசம்பரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்த நிலை அதுதான். மறுபதிப்பு பேச்சு நடக்கிறது, தலைப்புக்குக் கீழே 2013 என்று போடச் சொல்லியிருக்கிறேன், கூடவே 2018-இல் நடக்கிற ஒரு கதையும் சேர்க்கிறேன். அதில் அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, உங்கள் ஊர்ப் பரோட்டாக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?