அரை இஞ்ச் இஎம்டியும் அரை இஞ்ச் ரிஜிட்டும் ஏன் சேரவில்லை?

கேள்வி:
மோட்டாருக்கு மின்கம்பி போகும் குழாய் லைனில் பாதி தூரம் இஎம்டி (மெல்லிய சுவருள்ள இரும்புக் குழாய்), மீதி மரை வெட்டிய, கனத்த சுவருள்ள ரிஜிட் குழாய். இரண்டிலும் அரை இஞ்ச் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் குழாயோடு குழாயை இணைக்கும் இஎம்டி கப்ளிங்குக்குள் ரிஜிட் நுழையவே மாட்டேன் என்கிறது. ரிஜிட் கப்ளிங்கில் இஎம்டியை விட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. டேப் சுற்றி இறுக்கிவிடலாமா? இல்லை, ரிஜிட்டை எடுத்துவிட்டு மோட்டார் வரை பிவிசி போடட்டுமா?

பதில் 1:
இஎம்டியைப் பெட்டியோடு இணைக்கும் கனெக்டரின் மரையை ரிஜிட் கப்ளிங்கில் திருகிப் பாருங்கள், ஏறும்.

பதில் 2:
ஏறும்தான். ஆனால் அந்த மரை மின் இணைப்புப் பெட்டியில் லாக்நட் (பூட்டும் நட்) போட்டுப் பிடிப்பதற்கு வைத்தது. எந்தக் குழாய்க்கென்று சான்று பெற்றதோ அதற்கு மட்டுமே ஃபிட்டிங்கைப் பயன்படுத்து என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பு 300.15-இலேயே இருக்கிறது.

அரை இஞ்ச் என்பது பெயர் மட்டும்தான். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள்: வெளிவிட்டம் இஎம்டிக்கு 17.9 மி.மீ., இடைப்பட்ட கனமுள்ள ஐஎம்சி குழாய்க்கு 20.7, ரிஜிட்டுக்கு 21.3. உள்ளே மூன்றும் 16 மி.மீ. பக்கம்தான். கம்பி போக இடம் வேண்டுமே, அதனால் சுவரின் கனமெல்லாம் வெளிப்பக்கம் ஏறுகிறது. ஐஎம்சிக்கும் ரிஜிட்டுக்கும் ஒரே மரை என்பதால் அவை இரண்டும் ஒன்றோடொன்று சேரும். இஎம்டியின் சுவரோ மரை வெட்டத் தாங்காது.

டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் குழாயே எர்த் பாதையாக இருந்தால், பழுது நேரும்போது மின்னோட்டம் இணைப்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும். இரும்பு இரும்பைக் கவ்வாவிட்டால் பிரேக்கர் விழாது, குழாய் மட்டும் தொட்டால் அடிக்கும்.

ஒரு பக்கம் இஎம்டியை அழுத்திப் பிடிக்கும் செட் ஸ்க்ரூ, மறுபக்கம் ரிஜிட்டுக்கு உள்மரை உள்ள காம்பினேஷன் கப்ளிங் கிடைக்கும். அது போதும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு பெட்டி வையுங்கள். பெட்டியில் அரை இஞ்சுக்கான 22 மி.மீ. துளை எல்லா வகைக்கும் பொது.

கேள்வி கேட்டவர்:
சரி. பிவிசி? அதன் வெளிவிட்டமும் 21.3 இருக்கிறதே, ரிஜிட்டோடு ஒட்டிவிடலாமா?

பதில் 2:
பிவிசி ஒட்டும் சால்வெண்ட் சிமெண்ட் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் பிடிக்கும், இரும்பை என்ன செய்யும்? உள்மரை உள்ள பிவிசி அடாப்டரை ரிஜிட்டின் மரையில் திருகுங்கள். பிவிசிக்குள் எர்த் கம்பி தனியாக ஓட வேண்டும்.

ஆனால் மோட்டார் அதிரும். கடைசி ஒரு மீட்டருக்கு நெகிழ்குழாயும் அதற்கே உரிய கனெக்டரும்தான் என் விருப்பம்.

இன்னொன்று, மெட்ரிக் 20 மி.மீ. சாமானை இதில் கலக்காதீர்கள். அதன் மரை இடைவெளி 1.5 மி.மீ., இதில் இஞ்சுக்கு 14 மரை. ஓரிரு சுற்று ஏறுவது போலக் காட்டும், அப்புறம் கடித்துக்கொள்ளும்.

பதில் 3:
பெட்டி வைத்தால் பூசி மூடிவிடாதீர்கள். மூடியைக் கழற்ற எட்டும் இடத்தில் இருக்கட்டும்.