சோலார் காணிக்குள் கிடந்த பழைய சட்டி ஓடு: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தரவைக்காரன்:
மூன்று வருடமாக மனதுக்குள் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். கட்டட வேலை தொடங்கும் முன் காணியில் பழங்காலச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிற தொல்பொருள் தாக்க மதிப்பீட்டுக் குழு ஒன்றோடு நாள் சம்பளத்துக்குப் போனவன் நான். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் ஒரு தரவை, அதாவது வெறும் புல்வெளி, சோலார் போடக் கேட்டிருந்தார்கள். தை மாதம், மாரி முடிந்த கையோடு புல் இடுப்பளவு நின்றது. ஒன்றரை நாளில் காணி முழுக்க நடந்து முடித்தோம். நடந்தோம் என்று சொல்வதைவிடப் புல்லை விலக்கிக்கொண்டு போனோம் என்பதுதான் சரி. 'மேற்பரப்பில் தொல்பொருள் சான்று எதுவும் காணப்படவில்லை' என்ற வரியை எழுதியது என் கை.

ஆவணியில் கேபிளுக்குக் கான் வெட்டினார்கள். மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தின் வாளி கொட்டிய மண்ணில் ஒரு சட்டி விளிம்பு. எடுத்துச் சாரத்தில் துடைத்தேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, வாய்ப்பக்கம் கறுப்பு. யாழ்ப்பாணத்தின் பழங்கால இடங்களான கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் வருகிற அதே வகை. ஓட்டின் மூன்று பக்கமும் மழுங்கி, மண் ஊறிப்போன பழைய உடைவு. நாலாவது பக்கம் மட்டும் பச்சையாக, விரலை அறுக்கிற கூரோடு இருந்தது. பெக்கோவின் பல் அப்போதுதான் உடைத்திருக்கிறது. மற்றப் பாதியைத் தேடக் குனிவதற்குள் லொறி மண்ணோடு வெளிக்கிட்டுவிட்டது.

நான் எழுதியது பொய் இல்லை, உண்மையிலேயே நாங்கள் காணவில்லை. ஆனால் அலுவலகத்தில் இருந்து படிக்கிறவர் 'இல்லை' என்றுதானே படித்திருப்பார்? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

இரும்புக்கால்:
பனல் பொருத்துகிற வேலையில் ஒன்பது வருடம். எல்லோரும் எங்கள் இரும்புக் கால்களைத்தான் குறை சொல்வார்கள். கால் ஒன்று ஒரு சாண் அகலம்கூட இல்லை. காணியைக் குலைப்பது நிரவலும் லொறிப் பாதையும் அண்ணை சொல்கிற அந்தக் கேபிள் கானும்தான். இங்கே மண் எவ்வளவு ஆழம்? பல இடத்தில் முழங்கால் அளவு தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். பழையது என்று ஏதாவது இருந்தால் அந்த முழங்கால் மண்ணுக்குள்தான் இருக்கும்.

எனக்கு மறக்காதது ஓடு இல்லை, ஒரு சூலம். பூவரசின் கீழே வைரவர். கோயில் கட்டடம் கிடையாது. ஒரு கல், துருப்பிடித்த சூலம், எண்ணெய் பிசுபிசுத்த ஒரு சிட்டி, அவ்வளவுதான். வரைபடத்தில் அந்த இடத்தில் 'மரம், அகற்றவும்' என்று மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ஆச்சி திரியும் தீப்பெட்டியும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தா. சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, வேலி அடைச்சாப் பிறகும் விளக்கு வைக்க உள்ள விடுவியளோ?" என்று கேட்டா. பொறுப்பாளரோடு கதைத்து இரண்டு வரிசையைத் தள்ளிப் போடுவித்தேன். மரம் நிற்கிறது, சூலம் நிற்கிறது. ஆனால் வேலியின் திறப்பு காவலாளியிடம். வெள்ளிக்கிழமைகளில் அவர் திறந்துவிடுகிறாரோ என்பது இன்றுவரை தெரியாது.

கடற்கரை வீடு:
அல்லைப்பிட்டி எனக்குப் புகுந்த ஊர். 1977இல் அங்கே சொங் காலத்துச் சீனப் பீங்கான்கள் கிளம்பின, ஏறக்குறைய 900 வருடப் பழசு. இங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரிந்த கதைதான். கலியாணம் முடித்து வந்த புதிதில், முற்றத்தில் எட்டுக்கோடு விளையாடிய பிள்ளை ஒன்றின் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாம்பல் பச்சை மினுக்கம், அடியில் வளையக் கால். பிள்ளை "தாங்கோ மாமி, என்ரை முறை" என்று பறித்துக்கொண்டு ஓடிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்துக் காணிகளையும் சோலாருக்கு விலை கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் நினைவு வந்தது அந்தச் சில்லுத்தான்.

பழைய சங்கிலி:
ஓய்வுபெற்ற நில அளவையாளன். என் அனுபவம் சிறியது: எல்லைக்கல் தேடிப் பற்றை வெட்டியபோது, வெட்டிய கல்லால் அடுக்கிய படி ஒன்று தெரிந்தது. அது என் வேலை இல்லை என்று குறிப்பில் போடாமல் வந்துவிட்டேன். அதனால் இனிப் போகிறவர்களுக்குச் சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது, 1998இல் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட அபிவிருத்தி வேலைக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும். நம்முடைய கணக்கில் அது கிட்டத்தட்ட பத்துப் பரப்பு. ஒரு மெகாவாட் சோலாருக்கே நாலைந்து ஏக்கர் போகும், அதாவது 64 முதல் 80 பரப்பு. ஆகவே 'சின்ன வேலைதானே' என்று யாரும் சொன்னால் விடாதீர்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டத்தில் சூரியப் பங்கு 1,700 கிலோவாட். பூநகரியில் பேசப்பட்டது 700 மெகாவாட். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தம்பி தரவைக்காரன், பிழை உங்கள் கண்ணில் இல்லை, மாதத்தில். தையில் தரவை நடப்பது வீண். ஆடி, ஆவணியில் புல் கருகி நிலம் வெளித்திருக்கும்போது நடக்க வேண்டும். புரட்டாசியில் முதல் மழை கழுவிய மறுநாள் இன்னும் நல்லது, ஓடு தன் பாட்டில் மினுங்கும். பத்து மீற்றர் இடைவெளியில் கயிறு பிடித்து நடவுங்கள். கண்டதைப் பொறுக்காமல், இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இடம் தெரியாத ஓட்டால் பாதிப் பயன்கூட இல்லை.

அதைவிட முக்கியம், நடக்கும் முன் காணி உறுதியை வாசியுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் உறுதியில் பெயர் இருக்கும். கோட்டை, மேடு, பிட்டி, குடியிருப்பு என்று பெயரில் வந்தால் அங்கே நின்று சோதனைக் குழி போட வேண்டும். இரும்புக்கால் சொல்வதில் பாதிதான் சரி. ஒரு கால் சிறியதுதான், ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை நூறு கால் என்று எண்ணினீர்களா? ஓடு வருகிற இடத்தில் தோண்டாமல், கொங்கிறீட் பாரத்தை நிலத்தின் மேலேயே வைத்துப் பனலைப் பூட்டலாம். கேபிளையும் தட்டில் மேலாலேயே கொண்டுபோகலாம். செலவு கூடும் என்பார்கள், ஆனால் செய்யக்கூடியது.

வடலி:
ஐயா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஓட்டைக் கண்டவர் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் போரில் விட்டுப்போய், இராணுவத்தின் பிடியில் இருந்த காணியில் 25 வருடம் கழித்துத்தான் கால் வைத்தோம். பற்றை வெட்டும்போது ஒரு மூலையில் ஓடுகள், கூடவே அறுத்த சங்குத் துண்டுகள். அந்த நேரம்தான் சோலாருக்குக் குத்தகை கேட்டு ஆட்கள் வந்துபோனார்கள். குத்தகை போவதைப் பற்றி அப்பாவுக்குக் கவலை இல்லை. பழையது இருக்கிறது என்று தெரிந்தால் தொல்பொருள் இடம் என்று பலகை நட்டுக் காணியை மறுபடியும் எடுத்துவிடுவார்கள் என்றுதான் பயந்தார். இரவு எல்லாவற்றையும் உரப்பையில் அள்ளிப் பாழ்க் கிணற்றுக்குள் கொட்டினார். டோர்ச் பிடித்தது நான். அடியில் தண்ணீர் கொஞ்சம்தான், ஓடுகள் கல்லில் பட்டுச் சிலும்பிய சத்தம் கன நேரம் கேட்டது.

அப்பா இப்போது இல்லை. அவரைப் பிழை சொல்ல என்னால் முடியாது.

பழைய சங்கிலி:
பிள்ளை, கிணறு பாழானாலும் ஓடு அழியாது. கிணற்றைத் தூர்க்க மட்டும் விடாதீர்கள். கண்ட மூலையை நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் கீறி, திகதி போட்டு வையுங்கள். அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

கடற்கரை வீடு:
ஆனைக்கோட்டையையும் நினைத்துப் பாருங்கள். நிரவலுக்கு மேட்டு மண்ணை அள்ளிக்கொண்டு போனபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. 1980இல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். எலும்புக்கூட்டோடு கிடந்த முத்திரையில் மேல்வரி குறியீடு, கீழ்வரி பிராமி எழுத்து. அள்ளின மண்ணோடு என்னென்ன போனதோ. தரவைக்காரன், உங்கள் லொறி எங்கே போனது என்று விசாரித்தீர்களா?

தரவைக்காரன்:
விசாரித்தேன் அக்கா. அந்தக் காணிக்குப் போகிற லொறிப் பாதையை உயர்த்தத்தான் கொட்டியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் காலை முழுக்கப் பாதையோரம் குந்தி இருந்து கிளறினேன். நண்டுக்கோது, சிப்பி, நகத்தளவில் மூன்று ஓட்டுச் சில். எதுவும் என்னிடம் இருக்கிற விளிம்போடு பொருந்தவில்லை. அடுத்த கிழமை போனபோது மேலே கிரவல் போட்டு ரோலர் ஓடியிருந்தது.

வடலி, கிணறு பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஆடியில் வருகிறேன், தண்ணீர் வற்றியிருக்கும்.