மொட்டை மாடியில் பாதி பசுமை, பாதி வெறுந்தளம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பாதியை மட்டும், மண் பரப்பிச் செடி வளர்க்கும் பசுமைக் கூரையாக்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும் மறுபாதியைத் தொடவில்லை. பணம் போதாமல் நின்றுபோன இந்த அரைகுறை வேலை, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டது. முதல் கனமழையன்று குடையுடன் கீழே நின்று இரு வடிகுழாய்களையும் கவனித்தேன். வெறுந்தளத்தின் குழாய் ஐந்து நிமிடங்களில் கொட்டத் தொடங்கியது. பசுமைப் பகுதியின் குழாயிலோ அரை மணி நேரம் கழித்துத்தான் நூல் போல நீர் இறங்கியது. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் எங்கள் 200 சதுர மீட்டர் பசுமைப் பரப்பில் விழுவது 2,000 லிட்டர். தெரு வடிகால் திணறும் நேரத்தில் அதில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் மறுநாளும் மழை பெய்தபோது, ஊறிய மண்ணில் இடமில்லாததால், இரு குழாய்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கொட்டின. இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் பேசுவது முறையல்ல.

*

அப்படி மண்ணில் தங்கும் நீர்தான் எங்கள் வீட்டில் வெயிலைத் தணிக்கிறது. 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் செலவாகிறது. முன்பெல்லாம் இரவு பத்து மணிக்குக்கூட மேல்தளப் படுக்கையறைச் சுவரின் உச்சியில் கை வைத்தால் சூடு தெரியும், இப்போது தெரிவதில்லை. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை என்கிறார்கள், அது உண்மைதான். ஒரு கோடையில் நாங்கள் ஒரு மாதம் வெளியூர் சென்று திரும்பியபோது மண் காய்ந்து, சதைப்பற்றுச் செடிகள் செந்நிறமாகச் சுருங்கியிருந்தன. செடிகள் பிழைத்துக்கொண்டன, ஆனால் மீண்டும் நீர் விடும்வரை அந்தக் குளிர்ச்சி இல்லை.

*

எடையையும் கவனிக்க வேண்டியிருந்தது. 10 சென்டிமீட்டர் மண்படுகை முழுவதும் நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், கட்டமைப்புப் பொறியாளர் தளத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினோம். முதல் ஆண்டில் நான் உரத்தை அதிகமாகப் போட்டுவிட, வடிநீர் பழுப்பாக இறங்கிச் சேகரிப்புத் தொட்டியைக் கெடுத்தது. உரத்தை நிறுத்திய பின்னரே தெளிந்தது. ஓரத்தில் செடி பிடிக்காத மணல் திட்டு ஒன்று இருந்தது. அதை நிரப்பிவிடலாம் என்று மண்வெட்டியுடன் போன காலையில், பென்சில் பருமனுக்குச் சில துளைகளும், கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருக்க அவற்றில் ஒன்றுக்குள் நுழையும் ஒரு சிறு தேனீயும் கண்ணில் பட்டன. திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.