1948: தொழிற்சங்க சம்மேளனம் விழுந்தது அவசரகாலத்தாலா, அதற்கு முன்பேவா?

செந்தூல்வாசி:
வணக்கம். மே தினத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் ஆறு பலகை வைக்கிறோம், மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாறு பற்றி. நான்காவது பலகையில் இழுபறி. "அவசரகாலம் வந்தது, தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டன" என்று எழுதி வந்திருக்கிறது. குழுவில் இன்னொருவர் வரிசையே தலைகீழ் என்கிறார். எது சரி? சம்மேளனத் தலைவராக இருந்த மலாயா கணபதியை எப்படிச் சொல்வது? பலகைக்கு நூறு சொல்தான் இடம்.

பழைய கிராணி:
இரண்டாமவர் சொல்வதுதான் சரி. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் நிறைவேறியது 1948 மே 31. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தானது ஜூன் 13. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டது ஜூன் 16. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவித்தது ஜூன் 18. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்ததே ஜூலை 23-ல்தான். கட்சிக்கு நாற்பது நாள் முன்பே சம்மேளனத்தின் கதை முடிந்துவிட்டது.

திருத்தத்தில் மூன்று விதிகளைக் கவனியுங்கள். செயலாளர் தவிர மற்ற பொறுப்பாளர்களுக்கு அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர் பொறுப்புக்கு வர முடியாது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகச் சேரலாம்.

மூன்றாவதுதான் வேரை அறுத்தது. ரப்பர், ஈயம், துறைமுகம் எல்லாம் ஒரே குடையில் நின்றதால்தான் அதற்குப் பலம். 1947-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் உறுப்பினர் என்று சம்மேளனம் சொல்லிக்கொண்டது. முதல் விதியும் லேசானதல்ல. தோட்டத்தில் கணக்கு எழுதி, மனு தயாரித்து, துரையிடம் நேருக்கு நேர் பேசக்கூடியவர் பெரும்பாலும் பால்மரம் வெட்டுகிறவராக (ரப்பர் பால் எடுப்பவராக) இருக்க மாட்டார். அவரை ஒதுக்கினால் சங்கம் பேச்சற்றுப் போகும்.

"தொழிற்சங்கங்கள் தடை" என்று பொதுவாகவும் எழுதாதீர்கள். பதிவை இழந்தது சம்மேளனம். கீழிருந்த சங்கங்கள் பல, அவசரகாலக் கைதுகளில் ஆளில்லாமல் செயலிழந்தன. ஆக இரண்டு அடி: முதலில் சட்டம், பிறகு கைது.

தைப்பிங் சாலை:
கணபதி விஷயத்தில் அடிக்கடி வரும் பிழை, "சங்கம் நடத்தியதற்காகத் தூக்கு" என்பது. நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு துப்பாக்கி வைத்திருந்தது. அவசரகால விதிப்படி அதற்கே மரண தண்டனை. 1949 மார்ச்சில் கைது, மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. இந்திய அரசு தலையிட்டும் நிறைவேற்றினார்கள். சங்கத் தலைவர் என்பதால்தான் இரக்கம் காட்டவில்லை என்று நீங்கள் கருதினால் கருத்தாக எழுதுங்கள், தீர்ப்பாக எழுதாதீர்கள். அதற்கு முந்தைய நாள், மே 3 அன்று, வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். அவர் சிங்கப்பூர் சம்மேளனத் தலைவர். இருவரையும் "தூக்கிலிடப்பட்டவர்கள்" என்று ஒரே வரியில் சேர்க்கிறார்கள், அது தவறு.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்:
மூன்றாவது பலகையில் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். சம்பளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு முடிவு, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, கள்ளுக்கடை மூடல் எல்லாம் உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய வழக்கம் போக வேண்டும் என்பதும் உண்டு. பலகையில் பெரிய எழுத்தில் போட வேண்டியது இதைத்தான். பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்ததும் வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. படை வந்து சுட்டது. அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இன்னொன்று. 1948-ன் "ஒரே தொழில்" பார்வை 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்திலும் தொடர்ந்தது. எது ஒத்த தொழில் என்று தொழிற்சங்கப் பதிவாளர் முடிவு செய்து வந்தார். பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் மின்சாரத் தொழில் சங்கத்தில் சேர முடியாமல் போனது இதனால்தான்: எலக்ட்ரானிக்ஸ் வேறு தொழிலாம்! 1988-ல் கம்பெனிக்குள் மட்டும் சங்கம் வைக்க விட்டார்கள். வட்டார அளவிலான சங்கத்துக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. நான்காவதைத் திருத்தி எழுதுகிறேன். தொழிற்சங்கச் சட்டத்தின் புதிய திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறதே, ஆறாவது பலகையில் "இனித் தடையில்லை" என்று போடலாமா?

பழைய கிராணி:
போடாதீர்கள். தொழில் வரம்பு போயிற்று, அவ்வளவுதான். பதிவு இன்னும் கட்டாயம். விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு உறுப்பினர் கையெழுத்து வேண்டும். பதிவானாலும் முதலாளியின் அங்கீகாரம் தனி வேலை. சங்கம் கோரிக்கை கொடுத்தால் முதலாளி 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அடுத்த 14 நாளுக்குள் சங்கம் தொழில் உறவு தலைமை இயக்குநருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 14 நாள் தவறினால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகவே கணக்கு. புதுச் சங்கங்கள் பல இடறுவது இங்கேதான்: பதில் வரும் வரும் என்று காத்திருப்பார்கள், தேதி ஓடிவிடும். ஆறாவது பலகையில் நூறு சொல்லில் அறுபதை இதற்கே கொடுக்கலாம்.