புதுப்பிப்பு: முகப்பு விளக்கின் உயரத்தை வீட்டிலேயே சீராக்கினேன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் எதிரே வருபவர்களின் கண்கள் என் காரின் முகப்பு விளக்கால் கூசுகின்றன என்றும், வலப்பக்க பல்பு மங்கிவிட்டது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் இப்போது சரியாகிவிட்டன.

பல்பு மாற்றுவது எளிது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகையாகச் சூடேறி ஆயுள் குறையும் என்பதால், 60/55 வாட் எச்4 ஹாலோஜன் பல்புகளைச் சுத்தமான துணியால் பிடித்து, இரு பக்கமும் சேர்த்தே மாற்றினேன்.

நேரம் பிடித்தது ஒளியின் உயரத்தைச் சீராக்குவதுதான். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமரவைத்து, அடுக்ககத்தின் சமதளமான வாகன நிறுத்தத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி காரை நேராக நிறுத்தினேன். விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடிட்டு, லோ பீமின் (எதிரே வருபவர்களுக்குக் கூசாதபடி தாழ்த்திய ஒளியின்) மேல் விளிம்பு அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே, அதாவது என் விளக்கில் குறித்துள்ள 1 சதவீதச் சரிவில், விழும்வரை ஒளியின் உயரத்தை மாற்றும் ஸ்க்ரூவைச் சுழற்றினேன். நாம் இடப்புறம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடப்பக்கம் சற்று மேலேறியிருப்பது இயல்பே. சாலையோரம் நடப்பவர்கள் நமக்குத் தெரிவது அதனால்தான் என்பதால், அதை இறக்க முயலவே கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்பவர்கள், பல்புக்குப் பின்னாலுள்ள ரப்பர் மூடியை இடைவெளியின்றி அழுத்திப் பொருத்துங்கள். இல்லையெனில் ஈரம் உள்ளே புகுந்துவிடும்.