வேலூரில் இருந்து கடல் மீனைப் பற்றி: பார்த்தவை, கேட்டவை (அனுபவப் பகிர்வு)

காந்தி ரோடு, வேலூர்

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு வங்காளம் தானாக வாயில் வந்துவிடும். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகளோடு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், ரூமிலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். வந்த மறுநாள் காலையிலேயே மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பங்களாதேஷின் போலா மாவட்டத்திலிருந்து ஒருவர் மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்தார். படகில் பங்குக்குப் போகிற மீனவர். அது மே மாதம். மார்க்கெட்டில் கடல் மீன் விலையைக் கேட்டு அதிர்ந்துபோனவரிடம், இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, மொத்தம் 61 நாள் தடைக்காலம், அதனால்தான் இந்த விலை என்றேன். அவர் ஊரிலும் கடலை மூடுவார்களாம். ஆனால் அங்கே அப்போது மே 20 முதல் ஜூலை 23 வரை, 65 நாள்.

"உங்கள் படகுகள் ஜூன் 15-ல் இறங்கிவிடும். ஒரு மாதத்துக்கும் மேல் நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். நாங்கள் பட்டினி கிடந்து விட்டுவைத்த மீன் யார் வலைக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், தாதா" என்றார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணா. கோபமாகச் சொல்லவில்லை. என்னையும் அதில் சேர்க்கவில்லை. ஆனால் இவ்வளவு வருஷம் தடைக்காலத்தை மீன் விலை ஏறும் காலமாக மட்டுமே பார்த்து வந்த எனக்கு அது ஆழமாகத் தைத்தது.

2025-ல் பங்களாதேஷ் அரசு தேதியை மாற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை, 58 நாள். நம் கிழக்குக் கரையோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்: "இந்த வருஷம் இரண்டு பக்கமும் சேர்ந்தே நிறுத்தினோம். மனசுக்கு நிம்மதியாக இருந்தது."

இலிசு மீனுக்கு அவர்கள் செய்வதைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். நாம் உல்லம் என்கிறோமே, அதே மீன்தான். முட்டையிடும் அக்டோபரில் 22 நாள் முழுத் தடை. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளை நவம்பரிலிருந்து ஜூன் வரை தொடக்கூடாது. அந்தக் காலத்தில் நாலு மாதத்துக்கு, மாதம் 40 கிலோ அரிசி மீனவக் குடும்பத்துக்கு. 2002-03-ல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017-18-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அரிசி போதவில்லை, கடன்காரன் தடைக்காலம் பார்ப்பதில்லை என்றும் அவர் சொன்னார். நம் தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்குப் போதும்?

கடலே இல்லாத ஊர் நம்முடையது. ஆனால் மீனோடும் மீன்காரர்களோடும் உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

மீன் மார்க்கெட், வேலூர்

அண்ணா, நீங்க சொன்ன தேதிக் கணக்க நாங்க லோடு வர்ற கணக்குல பாக்கறோம். நம்ம பக்கம் கடல் மூடினதும் காசிமேடு, நாகப்பட்டினம் லோடு சுருங்கிடும். உடனே மங்களூருக்கும் கேரளாவுக்கும் போன் போடுவோம். அவங்க கடல் மேற்குக் கரை, மங்களூர்ல ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும்தான் தடை, கேரளாவுல ஜூன் 10 வாக்குலதான் ஆரம்பிக்கும். அதனால ஏப்ரல், மே அங்கருந்து ஓட்டிடுவோம். ஜூன் 1-ல இருந்து மங்களூரும், 10-ல இருந்து கேரளாவும் மூடிடும், நம்ம பக்கமோ 14 வரைக்கும் தெறக்காது பாருங்க, அந்த ரெண்டு வாரம்தான் பெரிய கஷ்டம். ஃபைபர் போட்டுக்காரங்க புடிக்கறது, கோல்டு ஸ்டோரேஜ் சரக்கு, காவேரிப்பாக்கம் ஏரி கட்லா, அவ்ளோதான்.

நான் சொல்ல வந்தது மத்தி மீன் சமாச்சாரம். கேரளாவுல 2012-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கெடச்சுது. 2021-ல வெறும் 3,297 டன். நூத்துல ஒரு பங்குகூட இல்ல. கடலோட சூடு, மழை, இரை எல்லாம் மாறுனதும் காரணம்னு சொல்றாங்க. ஆனா குஞ்சா இருக்கும்போதே வாரிக்கிட்டுப் போனதும் அதோட சேந்துச்சு. இந்தச் சரிவுக்கு நடுவுலதான் அங்க 10 சென்டிமீட்டருக்குக் கீழ மத்தி, 14-க்குக் கீழ அயிலை புடிச்சா படகு மேல கேஸுன்னு கட்டுப்பாட்ட இறுக்குனாங்க.

எனக்கு லோடு அனுப்பற ஏஜென்ட் ஒருத்தர் கொச்சிக்காரர். ஒரு நாள் கம்மி வெலைல குட்டி மத்தி இருந்தா அனுப்புங்கன்னு கேட்டேன், கருவாட்டுக்கு ஆவும்னு. "தம்பி, அத நான் தொடமாட்டேன். இது இன்னும் மூணு மாசம் கடல்ல இருந்தா எடை எத்தனை மடங்கு ஏறும் தெரியுமா? இப்ப வித்தா உனக்கும் நஷ்டம் எனக்கும் நஷ்டம்"னு சொன்னாரு. ஆனா அவரே அப்புறமா சொன்னாரு, நாங்க மட்டும் விட்டுட்டு என்ன பண்றது, பக்கத்து மாநிலக் கரையில அதே அளவு கட்டாயமில்லன்னா அங்க எறக்கி மீன்தூள் மில்லுக்கு அனுப்பிடறாங்கன்னு. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுலயே இந்த நெலமைன்னா, நாட்டுக்கு நாடு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க.

இப்ப என் கடையில கைவிரல் நீளம்கூட இல்லாத மத்திய வாங்கறதில்ல. நெத்திலி வேற, அது வளந்தே அவ்ளோதான்.

குடியாத்தம்

மேலே இரண்டு பேரும் எழுதியதைப் படித்ததும் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. விலங்கியல் படித்துவிட்டு மீன் இறங்குதளங்களில் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவன் நான். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று யாரும் உள்ளே போய் எண்ண முடியாது. கரைக்கு வருவதை வைத்துத்தான் உள்ளே இருப்பதைக் கணிக்க வேண்டும்.

கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. மீன் இறங்கும் எல்லாத் துறைக்கும் தினமும் ஆள் போடுவது நடக்காத காரியம். அதனால் குலுக்கல் முறையில் இடமும் நாளும் தேர்வாகும். கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை 6 வரை, மறுநாள் காலை 6-லிருந்து நண்பகல் வரை நிற்பார். இடையில் இரவு இறங்கியதைக் கரையில் உள்ளவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார். எத்தனை படகு, என்ன வலை, எத்தனை மணி நேரம் வலை கடலில் இருந்தது, எவ்வளவு மீன். அதே நேரம் உழைத்து முன்னைவிடக் குறைவாகக் கிடைத்தால் அது முதல் எச்சரிக்கை.

அடுத்தது நீளமும் முட்டைப் பையும். பிடிபடும் மீன்களில் ஒரு தடவையாவது முட்டையிட்டவை எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். காதுக்கல் என்று ஒன்று இருக்கிறது. மீன் தலைக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கல்லை வெட்டிப் பார்த்தால் வளையங்கள் தெரியும், மரத்தில் இருப்பதுபோல. குளிர்நாட்டு மீன்களில் அது தெளிவாக வயதைக் காட்டும். நம் வெப்பக் கடலில் பருவ வேறுபாடு குறைவு என்பதால் வளையம் மங்கல். அதனால் இங்கே ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதாமாதம் அளந்துதான் வளர்ச்சியைக் கணிக்கிறார்கள்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு பயிற்சி. இலங்கை, மாலத்தீவு, பங்களாதேஷிலிருந்தும் எங்களைப் போன்றவர்கள் வந்திருந்தார்கள். மேசையில் ஒரு காணாங்கெளுத்தியை வைத்து எல்லோரையும் அளக்கச் சொன்னார்கள். நான் வால் நுனி வரை அளந்தேன். பக்கத்தில் இருந்த இலங்கைக்காரர் வால் இரண்டாகப் பிரியும் கவைக்குழி வரை அளந்தார். ஒரே மீன், இரண்டு எண். இரண்டும் சரிதான், அவரவர் பழகிய முறை அது. ஆனால் இப்படி எழுதிய இரண்டு நாட்டுப் புத்தகத்தையும் அப்படியே கூட்டினால் என்ன வரும்? ஒரு நாட்டில் மீன் சிறுத்துவிட்டதாகத் தெரியும். உண்மையில் அளவுகோல்தான் வேறு. கூட்டு முயற்சி என்றால் அமைச்சர்கள் கைகுலுக்குவது என்று நினைத்திருந்த எனக்கு, அது அந்த மேசையில்தான் தொடங்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

2022-ம் ஆண்டுக்கு அந்தக் கொச்சி நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் 135 மீன் இருப்புகளை ஆராய்ந்து, 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். இருப்பு என்றால் ஒரு பகுதியில் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு வாழும் ஒரு மீன் கூட்டம். நல்ல செய்திதான், உழைத்து எடுத்த கணக்குதான். ஆனால் அது நம் கரையில் நின்று எடுத்தது. எல்லை தாண்டித் திரியும் மீனுக்கு அது பாதிக் கணக்கு. உலக உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்தில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, பங்களாதேஷ், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என எட்டு நாடுகள் சேர்ந்து இலிசு, காணாங்கெளுத்தி, சுறா மூன்றையும் ஒன்றாகப் பார்க்க முயன்றதன் காரணம் அதுதான். 2018-ல் நான்சென் என்ற நார்வே ஆராய்ச்சிக் கப்பல் இலங்கை, பங்களாதேஷ், மியான்மர் கடல்களை அடுத்தடுத்து ஆய்வு செய்தது. அப்படி ஒரே கப்பல், ஒரே வலை, ஒரே முறை என்று கிடைப்பது அபூர்வம். மற்ற வருஷங்களில் அந்தந்த நாட்டுக் கணக்குப் புத்தகங்கள்தான் பேச வேண்டும்.

வாணியம்பாடி (இப்போது மாலே)

மாலத்தீவில் ஓட்டல் சமையலறையில் இருக்கிறேன். இங்கே சூரையை வலை போட்டுப் பிடிக்க மாட்டார்கள். உயிருள்ள சின்ன மீனைக் கடலில் வீசி, சூரைக் கூட்டம் மேலே வந்ததும் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறார்கள். வேண்டாத மீன் மாட்டுவது மிகக் குறைவு. 2010-ல் சுறா பிடிக்கவும் தடை போட்டார்கள்.

படகில் போகிறவர் ஒருவர் தினமும் சமையலறைக்கு மீன் தருவார். அவர் கவலை ஒன்றுதான்: நாங்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறோம், அதே கூட்டம் அடுத்த நாட்டுக் கடலுக்குப் போனதும் பெரிய கப்பல்கள் சுற்றி வளைத்து அள்ளிவிடுகின்றன. சூரைக்கென்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் சீஷெல்ஸில் இருக்கிறது, 1996 முதல். மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிபடுகிறது என்று 2015 ஆய்வு சொன்னது. மறு வருஷமே குறைக்கத் திட்டம் போட்டார்கள். பிறகு வந்த கடுமையான தீர்மானத்துக்குச் சில நாடுகள் ஆட்சேபம் எழுதிக்கொடுத்தன. எழுதிக்கொடுத்த நாட்டை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது அங்கே விதி. 2024 ஆய்வில் நிலைமை தேறிவிட்டதாக வந்தது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார், அவ்வளவு சந்தோஷம்.

மேல்மொணவூர்

நான் இங்க இலங்கை அகதிகள் முகாமில வளர்ந்தவள். எங்கட குடும்பம் மன்னார் பேசாலைப் பக்கம். அம்மம்மா கடல் கதைக்கத் தொடங்கினா இரவாகிடும். சொந்தக்காரர் பாதிப் பேர் திரும்பிப் போய் இப்பவும் வள்ளத்தில தொழில் செய்யினம்.

இந்தப் பேச்சில எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது, அதால எழுதத் தயங்கினன். பாக்கு நீரிணையில கடல் ஆழம் குறைவு. அடிமடி வலைய இழுத்தா தரையையே வழிச்சுக்கொண்டு போகும், இறால், நண்டு, குஞ்சு, பாசி எல்லாம். இலங்கை 2017-ல அந்த வலையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த வலைய இழுக்க இங்க இருந்து வாற ட்ரோலர் படகு எங்கட மாமாவின்ர வலைய ஒரு இரவில அறுத்துக்கொண்டு போனது. அவர் கடன் வாங்கி வாங்கின வலை. அதே நேரம் ராமேஸ்வரத்தில கைதாகிப் போறவையின்ர பெண்டுகள் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல அழுகிறத டிவியில பார்க்கேக்க எனக்கு அவையும் எங்கட அக்காமார்தான்.

2016 நவம்பரில டெல்லியில ரெண்டு அரசும் பேசி, கூட்டுப் பணிக்குழு அமைச்சு, அடிமடி இழுவையைக் கெதியா முடிவுக்குக் கொண்டுவாறது எண்டு ஒத்துக்கொண்டவை. பாக்கு நீரிணைப் படகுகள ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாத்த 2017-ல திட்டமும் வந்தது. வேகம்தான் காணாது.

மாமா ஒண்டு சொல்லுவார். தமிழ்நாட்டில தடை நடக்கிற அந்த ரெண்டு மாசம் எங்கட வலையில மீன் படுற விதமே வேற எண்டு. குடியாத்தம் அண்ணா, அத ஆரும் அளந்து பார்த்தவையா?

குடியாத்தம்

தங்கச்சி, நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. ட்ரோலர் முழுக்கக் கரையில் நிற்கும் 61 நாள் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத வாய்ப்பு. தடைக்கு முன், தடை நடக்கும்போது, தடை முடிந்தபின் என்று இரண்டு கரையிலும் ஒரே மாதிரி அளந்தால், இழுவை வலை எவ்வளவு எடுக்கிறது, நிறுத்தினால் எத்தனை நாளில் எது திரும்புகிறது என்று இரண்டு அரசும் மறுக்க முடியாத கணக்கு கிடைக்கும். அது இல்லாமல் நடக்கும் பேச்சில் அவரவர் குறைதான் பேசும்.

மாமாவை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வலை எத்தனை, எத்தனை மணி நேரம் போட்டார், வகைவாரியாக எத்தனை கிலோ. எதுவும் படாத நாளையும் விடாமல் எழுத வேண்டும், அதுதான் பலரும் விட்டுவிடுவது. மீனை அளந்தால், கவைக்குழி வரையா வால் நுனி வரையா என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிடச் சொல்லுங்கள்.

மேல்மொணவூர்

சொல்லிட்டன் அண்ணா. வாற பங்குனியில இருந்தே தொடங்குறாராம், தடைக்கு முந்தின நாட்களும் வேணும் எண்டபடியால். ராமேஸ்வரத்தில நாட்டுப் படகு வச்சிருக்கிற ஆரும் இதே மாதிரி எழுதச் சம்மதிச்சா, இங்க ஒரு வரி போடுங்கோ.