இஸ்தான்புல் படங்கள் உள்ள எஸ்டி கார்டு திறக்கவில்லை, யாரிடம் கொடுக்கலாம்?

காவேரிப்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் அம்மாவோடு இஸ்தான்புல் போய் வந்தேன். அங்கே எடுத்த படங்கள் இருக்கும் 64 ஜிபி எஸ்டி கார்டு இப்போது எதிலும் திறக்கவில்லை. ஊர் திரும்ப விமானம் ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தது.

கேமரா கேனான் 1500டி. அதில் போட்டால் கார்டைப் படிக்க முடியவில்லை என்கிறது. லேப்டாப்பில் டிரைவ் வருகிறது, ஆனால் கொள்ளளவு 0 என்று காட்டுகிறது. ரீடர் மாற்றி, லேப்டாப் மாற்றிப் பார்த்தாயிற்று. ஃபோட்டோரெக், ரெகுவா என்ற ஃபைல் மீட்கும் சாஃப்ட்வேர் இரண்டாலும் பலனில்லை. ஃபார்மட் மட்டும் செய்யவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கன்ட்ரோலர் (கார்டை இயக்கும் உள் பகுதி) போயிருக்கும் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்.

சுலைமானியே மசூதி, கலாட்டா பாலத்துத் தூண்டில்காரர்கள் படமெல்லாம் போனால் போகட்டும். எமினோனுவில் இருந்து உஸ்குதார் போகும் படகில் பழக்கமான ஒரு வயதான தம்பதி எங்களை வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அப்புறம் இடுப்பு சிறுத்த கிளாஸில் டீ, காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதும் என்றால் ஸ்பூனைக் கிளாஸ் மேல் குறுக்கே வைக்க வேண்டுமாம்; அது தெரியாமல் அம்மா குடித்துக்கொண்டே இருந்தார். சேர்ந்து எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது அது ஒன்றுதான்.

கொள்ளளவே 0 காட்டும் கார்டில், படங்கள் பதிவாகியிருக்கும் மெமரி சிப்பில் இருந்து நேரடியாகப் படங்களை எடுத்துத் தரும் ஆள் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் யாராவது இருக்கிறார்களா, இல்லை பெங்களூருதான் போக வேண்டுமா?